பொதியின் பின்புறம்

நமது நாட்டிலே மிக அதிகமாக அச்சிடப்பட்டு, மிக அதிகமான வீடுகளுக்குட் புகுந்து, மிகக் குறைவாக வாசிக்கப்படும் எழுத்து எது என்று எவரேனும் எம்மைக் கேட்பின் நாம் தயங்காமல் விடை கூறுவோம். அது புதுக்கவிதையன்று, கட்சிப் பிரசுரமுமன்று. பிஸ்கற் பொதியின் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சிடப்பட்டிருக்கும் போசணை விபரமே அது.

இலக்கியச் சஞ்சிகையொன்றிற் பிஸ்கற் பொதிக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் முகஞ் சுளிக்கலாம். வாசிப்பைப் பற்றிப் பேசுவோர், மக்கள் நாள்தோறும் கையிலேந்தும் எழுத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் எவ்வாறு பொருந்தும்? தமிழ் கற்றவர்களுக்கு இது புதிய விடயமுமன்று. நூலின் முகப்பிலே சொல்லப்பட வேண்டியவை எவை என்பதை நம் முன்னோர் வரையறை செய்து வைத்தனர். நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு வகுத்த எட்டினுள் ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அடங்கும். உணவுப் பொதியின் உறையையும் ஒரு பாயிரமாகக் கொண்டு நோக்கினால், ஆக்கியோன் பெயர் முன்புறத்திற் பளிச்சென்று இருக்கிறது. பொருளின் பெயர் அதனினும் பெரிதாக இருக்கிறது. பயன், அதாவது குழந்தை உயர்ந்து வளரும், மூளை கூர்மையடையும் என்னும் வாக்குறுதி, வேண்டிய மட்டும் இருக்கிறது. நுதலிய பொருள், உள்ளே உண்மையில் என்ன இருக்கிறதென்னும் செய்தி, பின்புறத்து மூலைக்குத் தள்ளப்பட்டுள்ளது. கேட்போர் யார் என்பது மட்டும் எங்குமே சொல்லப்படவில்லை. இக் கட்டுரையில் நாம் கேட்க விரும்புவது அதனைத்தான்: இந்த எழுத்து யாருக்காக எழுதப்படுகிறது?

கடைக்குச் செல்வோர் இதனை எவ்வளவு தூரம் வாசிக்கின்றனர் என்பதைப் பிறநாட்டு ஆய்வாளர்கள் சிரத்தையோடு ஆராய்ந்துள்ளனர். ஐரோப்பாவின் ஆறு நாடுகளிற் கடைகளிலே நின்று பார்த்துச் செய்யப்பட்ட ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. ஒரு பொருளைத் தெரிந்தெடுக்க மக்கள் செலவிட்ட நேரம் சராசரியாக 35 செக்கன் அளவே. போசணை விபரத்தைத் தேடிப் பார்த்தோர் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். அடுத்த ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னுஞ் சுவையான உண்மையொன்றை வெளியிட்டனர். ஒரே வடிவான போசணைப் பெட்டி 1994 முதற் சட்டப்படி எல்லாப் பொதிகளிலும் ஏறிய நாடு அது. இருநூற்றுக்குச் சற்று மேற்பட்டோரைத் திரையின்முன் இருத்தி, 64 உணவுப் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர்களுடைய கண்ணசைவைக் கருவியாற் பதிந்தனர். கலோரி அளவை ஏறக்குறைய எப்பொழுதும் பார்ப்பதாக நூற்றுக்கு 33 பேர் கூறினர். ஏறக்குறைய எல்லாப் பொருள்களிலும் அதனைப் பார்த்தவர்கள் நூற்றுக்கு 9 பேரே என்று கருவி காட்டிற்று. கொழுப்பு, சீனி ஆகியவற்றை அவ்வாறு பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். அதே பெட்டியைத் திரையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றியபொழுது பார்த்தவர்கள் தொகை கூடிற்று.

இதிலிருந்து மக்கள் பொய்யர்கள் என்றோ, அசட்டைக்காரர் என்றோ முடிவுகட்டுவது எளிது. வகுப்பறையிலே காலங்கழிக்கும் நமக்கு அது வேறு விதமாகத் தோன்றுகிறது. பாடத்தை வாசித்தாயா என்று கேட்டால், வாசிக்காத மாணவனும் "வாசித்தேன்" என்கிறான். வாசித்திருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். வாசிக்க இயலாது போன காரணத்தை எவரும் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும். இரண்டுஞ் சேர்ந்து அந்த "வாசித்தேன்" பிறக்கிறது.

நாம் படிப்பிக்கும் பாடசாலை மலைநாட்டுச் சிறு நகரொன்றில் உள்ளது. மாணவரிற் பெரும்பாலோர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருபவர்கள். பத்தாந் தரத்திற் கிரகித்தற் பயிற்சிக்கென்று பாடநூல் தரும் பந்திகள் அவர்களுக்கும் சலித்துவிட்டன, எமக்கும் சலித்துவிட்டன. ஆகையால் ஒருமுறை, அவரவர் வீட்டில் வெறுமையான உணவுப் பொதிகளைக் கழுவித் துடைத்துக் கொண்டுவரும்படி கூறினோம். பிஸ்கற், பால்மா, நூடில்ஸ், ரொபி, பழப்பானம் என மேசை நிறைந்தது. மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, பின்புறத்தை வாசித்து, அதன் கருத்தைச் சொந்த வசனத்தில் எழுதவேண்டும், இதுவே பயிற்சி. ஒரு பாடவேளைக்கென்று தொடங்கியது மூன்று பாடவேளைகளை விழுங்கிற்று.

முதலாவது தடை மொழி. பொருளின் பெயர் தமிழில் இருந்தது. சேர்மானங்களும் சிலவற்றில் தமிழில் இருந்தன. அத்தமிழிலோ கொம்பு, கால், புள்ளி ஆகியன இடம்மாறிக் கிடந்தன. எண்களைத் தாங்கிய போசணைப் பெட்டி, வந்திருந்த பொதிகளிற் பெரும்பாலானவற்றில் ஆங்கிலத்தில் மாத்திரமே இருந்தது. அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. பொதியின் பின்புறத்தை நோக்கி அது இன்னும் பிரயாணஞ் செய்துகொண்டிருக்கிறது போலும். தமிழில் இருந்த பெட்டிகளும் பிள்ளைகளை மயக்கின. நமது விஞ்ஞானப் பாடநூல் "காபோவைதரேற்று" என்கிறது. இந்தியாவிலிருந்து வந்த பொதி "கார்போஹைட்ரேட்" என்கிறது. இவை இரண்டு வெவ்வேறு சத்துக்கள் என்றே ஒரு சோடி எழுதிவைத்திருந்தது. அதனைப் பிழையென்று வெட்ட எமக்குக் கை வரவில்லை.

இரண்டாவது தடை கணிதம். பெட்டியில் ஒரு நிரல் "நூறு கிராமுக்கு" என்றும், மற்றொரு நிரல் "ஒரு பரிமாறலுக்கு" என்றும் இருக்கும். நூறு கிராம் நிறையுள்ள ஒரு பொதியில் ஒரு பரிமாறலின் அளவு 25 கிராம் எனக் குறிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் இப்பொதி நான்கு பேருக்குரியது என்று விளக்கினோம். பின்வாங்கிலிருந்த பையன் ஒருவன், "அப்ப நான் நாலு பேர், சேர்" என்றான். வகுப்புச் சிரித்தது. அவன் சொன்னதிலுள்ள விமரிசனத்தைப் பெரிய புத்தகங்களிலும் நாம் கண்டதில்லை. அளவைத் தீர்மானிப்பவன் உற்பத்தியாளன். அவன் அளவைச் சிறிதாக்கினால் அபாயமும் எழுத்திலே சிறிதாகிவிடுகிறது. பசியோடிருக்கும் பிள்ளை அந்த அளவுக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை.

நூடில்ஸ் பொதியிலே உப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னோம். தேடித் தேடிப் பார்த்து, உப்பே இல்லையென்றனர். அங்கே இருந்தது சோடியம், அதுவும் மில்லிகிராமில். ஒரு கிராம் சோடியம் ஏறக்குறைய இரண்டரைக் கிராம் உப்புக்குச் சமன் என்பதைத் தெரிந்தவனுக்கே அந்த இலக்கம் வாய்திறக்கும். ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்து, பொதியின் நிறையையும் பார்த்து, கடை வாசலில் நின்று பெருக்கிப் பார்ப்பவர் யார்? சீனியின் கதையும் அத்தகையதே. சேர்மானங்கள் நிறையின் இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. சீனியை அப்படியே எழுதினால் அது முன்வரிசையில் வந்து நிற்கும். ஒரு பங்கைச் சீனியாகவும், ஒரு பங்கைக் குளுக்கோசுப் பாகாகவும், இன்னொரு பங்கைப் பிறக்டோசாகவும் பிரித்துவிட்டால், மூன்றும் வரிசையிற் பின்னே போய் மறைந்துகொள்ளும். விதி மீறப்படவில்லை, வாசகனுக்குச் செய்தி போய்ச் சேரவுமில்லை. இலக்கணப் பிழையில்லாத பொய் என்று இதனை ஒரு மாணவி எழுதியிருந்தாள்.

இப்பயிற்சி நடந்த சில நாட்களின் பின், பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த தாயொருத்தி எம்மிடம் பேச்சுக் கொடுத்தாள். மகள் வீட்டிலே பொதிகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்ப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். நீங்கள் எதைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்று கேட்டோம்.

"தேதிய பாப்பேன் சேர். வெலய பாப்பேன். கிராம் கொறஞ்சிருக்கான்னு பாப்பேன். மத்ததெல்லாம் பாத்து என்னங்க செய்றது?"

இந்த நான்கு வசனங்களும் எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. அவள் பொதியை வாசிக்காதவளல்லள். வாசிக்கிறாள், அதுவும் கூர்மையாக வாசிக்கிறாள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போதும் அதன் பின்பும், விலையைத் தொடாமல் நிறையை மட்டுங் குறைத்துப் பொதிகள் வந்தபொழுது, அதனை முதலிற் கண்டுபிடித்தவர்கள் இத்தகைய தாய்மாரே. கண்டுபிடிக்காமல் என்ன செய்வார்கள்? நாள்தோறும் தாம் பறித்த கொழுந்து தராசில் ஏறுவதையும், சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக் கணக்கிற் கழிவு போவதையும் பார்த்துப் பார்த்து, இலக்கத்தைச் சந்தேகிக்கக் கற்றவர்கள் அவர்கள். ஆயிரம் ரூபா நாட்கூலி பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021இல் வர்த்தமானியில் வந்தது. மறு ஆண்டே விலைவாசி ஏறி அதன் பெறுமதியைத் தின்றுவிட்டது. இத்தகைய வாழ்வில் விலை, நிறை, திகதி என்பன முடிவை மாற்றக்கூடிய செய்திகள். கொழுப்பின் அளவு அவளது முடிவை மாற்றாது. ஏனெனில் அவள்முன் இரண்டு பொதிகள் இல்லை. கடன்கொப்பியிற் பெயருள்ள கடையில் இருக்கும் ஒரே பொதியை வாங்குவதா, வாங்காமல் விடுவதா என்பதே அவளுக்குள்ள தெரிவு. தெரிவு உள்ள இடத்திலேதான் மனிதர் வாசிக்கின்றனர் என்பது எமது துணிபு. ஐரோப்பாவின் அந்த ஆறில் ஒருவருக்கும் இவளுக்கும் இடையிலுள்ள தூரம் அறிவின் தூரமன்று.

அன்றியும், தோட்டப்புறக் கடையிற் பெரும்பகுதிச் சாமான் பொதியில் வருவதேயில்லை. கோதுமை மா, சீனி, பருப்பு, தேயிலைத் தூள் யாவும் நிறுத்துக் கடதாசியிற் சுற்றித் தரப்படும். பெரிய பக்கற்றை உடைத்து பிஸ்கற்றை எண்ணி விற்பதும் உண்டு. அங்கே பின்புறம் என்பதே கிடையாது.

இவ்வளவும் கூறுவதால், இந்த விபரங்கள் வீண் என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளவேண்டாம். விடயம் மிகப் பாரதூரமானது. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்குக் குறையாதவை தொற்றாநோய்களால் நேர்பவை. வளர்ந்தோரில் ஏறக்குறைய ஐந்திலொருவருக்கு நீரிழிவு உள்ளது. மறுபுறத்தில், 2016ஆம் ஆண்டுக் குடித்தொகைச் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17, தோட்டத்துறையில் 32. ஒரே லயத்தின் ஒரே அறையில், சீனி வருத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் பாட்டியும், வளர்ச்சி குன்றிய பேரப்பிள்ளையும் ஒரே பாயில் உறங்குவதை நாம் கண்டிருக்கிறோம். இருவருக்கும் கிடைப்பது ஒரே உணவு: ரொட்டியும், சீனி போட்ட சாயத் தேநீரும், இடையிடையே ஒரு பிஸ்கற்றும்.

இந்நிலையிலே 2016 ஆகஸ்ற் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியொன்று எமது கவனத்துக்குரியது. இனிப்பூட்டிய பானங்களின் போத்தல்களில், சீனியின் அளவைக் காட்டும் நிறவட்டம் இடப்பட வேண்டுமென்று சுகாதார அமைச்சு பணித்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. இரண்டு தொடக்கம் 11 வரை செம்மஞ்சள். இரண்டுக்குக் கீழெனிற் பச்சை. 2019இல் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்குமாகத் திண்ம உணவுகளுக்கும் இம்முறை விரிக்கப்பட்டது. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எழுத்தறியாத பாட்டியும் சிவப்பை அறிவாள். மொழிப் பிரச்சினையும் அங்கே எழவில்லை; நிறத்துக்கு எழுத்துப்பிழை நேராது.

ஆயினும் எல்லைக்கோடு எங்கே கீறப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும். உலகெங்கும் விற்பனையாகும் கோலா வகைகளிற் பலவற்றில் நூறு மில்லிலீற்றருக்குப் பத்து முதற் பதினொரு கிராம் வரை சீனி உண்டு. பத்தரைக் கிராம் என்று கொள்வோம். அது செம்மஞ்சள். நானூறு மில்லிலீற்றர் போத்தலொன்றை ஒருவன் குடித்து முடித்தால் 42 கிராம் உட்செல்லும். அதாவது பத்துத் தேக்கரண்டிக்கு மேல். நாளொன்றுக்கு உணவிற் சேரும் சீனி ஏறக்குறைய ஐம்பது கிராமைத் தாண்டக்கூடாது, இருபத்தைந்துக்குள் அடங்கினால் இன்னும் நன்று என்பது 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின் சாரம். அந்த இருபத்தைந்தை ஒரே மூச்சிற் கடந்த போத்தல் இன்னமும் சிவப்பாகவில்லை. வகுப்பிலே செம்மஞ்சள் விளக்கின் கருத்தென்ன என்று கேட்டபொழுது ஒருவன் தயங்காமற் சொன்னான்: "கெதியாப் போகணும் சேர், செவப்பு விழமுந்தி." நமது பஸ் சாரதிகளிடம் அவன் கற்றது அது. பானக் கம்பனிகளும் அந்த விளக்கை அப்படியேதான் வாசிக்கும் என்று எமக்குத் தோன்றுகிறது.

தென்னமெரிக்காவின் சிலி நாடு வேறு வழியை மேற்கொண்டது. 2012இல் இயற்றப்பட்டு 2016 ஜூனில் அமுலுக்கு வந்த சட்டப்படி, சீனி, சோடியம், நிரம்பிய கொழுப்பு, கலோரி ஆகியவற்றுள் எது வரம்பு கடந்தாலும் பொதியின் முகப்பிற் கறுப்பு எண்கோணம் பொறிக்கப்பட வேண்டும். வீதியிலே வாகனத்தை நிறுத்தும் அடையாளத்தின் வடிவம். அதன் கீழே சுகாதார அமைச்சின் பெயரும் இருக்கும். பச்சை என்னும் நற்சான்றிதழ் அங்கே கிடையாது. கறுப்பு அடையாளம் பெற்ற பொருளின் பொதியிற் குழந்தைகளை ஈர்க்கும் கேலிச்சித்திரப் பாத்திரங்கள் வரக்கூடாது. பாடசாலையில் அதனை விற்கவும் கூடாது. அடையாளம் பெற்ற பானங்களின் கொள்வனவு, சட்டம் அமுலான முதல் ஒன்றரை ஆண்டுக்குள் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு குறைந்ததென 2020இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அதனிலும் முக்கியமானது வேறொன்று: கறுப்பு முத்திரையிலிருந்து தப்புவதற்காக உற்பத்தியாளர் பலர் தமது சேர்மானத்தையே மாற்றினர். அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. மாறுபக்கக் கொழுப்பின் அளவை 2006 முதல் பொதியிற் குறிக்கவேண்டும் என்று விதித்தவுடன், அதனைக் குறிக்க நாணிய கம்பனிகள் பல, பொருளிலிருந்தே அதனை அகற்றின. ஒரு பரிமாறலில் அரைக் கிராமுக்குக் குறைந்தால் "பூச்சியம்" என்று எழுதலாம் என்னும் சந்துவழியையும் அவை பயன்படுத்தின என்பது வேறு கதை. பின்வாங்குப் பையனின் நான்கு பேரையும் இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளலாம்.

முற்போக்கு நண்பர்கள் சிலர் எம்மோடு வாதாடுவதுண்டு. "இதெல்லாம் முதலாளித்துவத்தின் தந்திரம். நஞ்சை விற்பவன் விற்கட்டும், வாங்குபவன் வாசித்து விலகிக்கொள்ளட்டும் என்று பொறுப்பை ஏழையின் தலையிற் கட்டுகிறார்கள்" என்பது அவர்கள் கூற்று. இதன் முற்பாதியை நாம் ஒப்புக்கொள்கிறோம். முப்பத்தைந்து செக்கனில், மங்கலான வெளிச்சத்தில், தெரியாத மொழியில், இரண்டரையாற் பெருக்கிப் பார்க்காதவள் மேல் நோயின் பழியைப் போடும் எழுத்து நேர்மையான எழுத்தன்று. ஆனால் அதனால் இந்த எழுத்தையே தூக்கி எறிவோம் என்னும் பிற்பாதி எமக்கு உடன்பாடன்று. தொழிற்சாலைச் சட்டங்கள் வந்த காலத்திலும் எத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறாய் என்று முதலாளியை எழுதிவைக்கச் செய்ததே ஒரு வெற்றியாய் இருந்தது. பொதியின் பின்புறமும் அத்தகைய ஒரு கட்டாய வாக்குமூலம். அதனை வாங்குபவள் ஒவ்வொருத்தியும் வாசிக்கவேண்டும் என்பதில்லை. ஆசிரியர், மாணவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கூட்டுறவுச் சங்கத்தார், தொழிற்சங்கத்தார் எனச் சிலர் வாசித்து மற்றோருக்குச் சொன்னாலும், சொல்வார்கள் என்று ஆக்கியோன் அஞ்சினாலும், அது தன் வேலையிற் பாதியைச் செய்துவிடும். வாசிப்பு நமது ஊர்களில் என்றுமே தனியொருவரின் காரியமாய் இருந்ததில்லை. வாசிகசாலைத் திண்ணையில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, பத்துப் பேர் கேட்டிருந்த காலத்தை நம்மிற் பலர் அறிவோம். கேட்போர் என்று நன்னூலார் சொன்ன சொல்லும் காதைத்தானே சுட்டுகிறது!

வகுப்பிலே இறுதியாகக் கொடுத்த வேலை, ஒரு பிஸ்கற் பொதியின் பின்புறத்தைத் தம் தாய்க்கு விளங்கும் தமிழில் எழுதுவது. சீனியைத் தேக்கரண்டியிற் சொன்னார்கள். சோடியத்தை உப்பாக்கினார்கள். நிரம்பிய கொழுப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டார்கள். "பரிமாறல்" என்ற சொல்லில்தான் சண்டை மூண்டது. பரிமாறுவது பந்தியிலே நடப்பது, பிஸ்கற்றை யார் பரிமாறுகிறார் என்று ஒரு கட்சி. "ஒருவர் ஒருதரம் தின்பது" என்று எழுதவேண்டும் என்றது இன்னொரு கட்சி. அப்படியானால் யார் அந்த ஒருவர், எத்தனை வயது, காலையில் என்ன சாப்பிட்டவர் என்று பின்வாங்கிலிருந்து குரல் வந்தது. மணி அடித்தும் எழும்பவில்லை. கரும்பலகையில் ஐந்து சொற்கள் எழுதப்பட்டிருந்தன. அடுத்த பாடத்துக்கு வந்த கணித ஆசிரியர் அவற்றை அழிக்காமல் ஓரமாகத் தமது கணக்கைப் போட்டார்.